வெரிபீ மாளிகையில் காலுறையோடு ஒரு சுற்று

சனிக்கிழமை மாலை எட்டு மணிக்குச் சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்குப் புறப்படும் ரயிலில் நான் ஏறியபோது, என் கையில் ஒரு பெட்டியும் ஒரு பாண் பொதியும் இருந்தன. பெட்டி கனமில்லை. பொதிதான் கனம். ரயில் சாப்பாட்டு வண்டியில் ஒரு தட்டுக்கு அவர்கள் கேட்கும் விலையைக் கேட்டாலே எனக்குப் பசி போய்விடும் என்பதால், லிட்கம் புறநகரில் என் அறையில் இடித்த சம்பலைப் பாணுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். ஸ்ட்ராத்ஃபீல்ட் நிலையம் தாண்டியதும் பொதியை அவிழ்த்தேன்; சம்பல் மணம் எழுந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த கனவான் பத்திரிகையை உயர்த்தி முகத்தை மறைத்தார். சற்று நேரத்தில் எழுந்து வேறு இடம் தேடிப் போனார். அவர் போனதில் எனக்கு இரண்டு கதிரை கிடைத்தது. அறுநூறு மைல் பயணத்துக்கு அது பெரிய உபகாரம்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் தங்கை தவமணி. கல்யாணம் முடித்து மெல்பேர்ணுக்கு மேற்கே வெரிபீயில் குடியிருக்கிறாள். போன கிழமை ட்ரங்க் கோல் எடுத்தாள்.

“அண்ணை, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணிக்கு என்ரை முதல் சுற்று. கொஞ்சச் சனமாவது சேரவேணும். நீங்கள் வந்தால் ஒரு தலை கூடும்.”

“என்ரை தலைக்கு அவ்வளவு மதிப்போ பிள்ளை?”

“தலை மட்டும் போதும். வாயை லிட்கமிலை வைச்சுப்போட்டு வாங்கோ.”

அந்தச் சுற்று என்ன என்பதைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் தவம் பல வருடம் சரித்திரம் படிப்பித்தவள். இங்கே வந்தபோது, அவளுடைய சான்றிதழோடு இன்னும் இரண்டு வருடம் படித்தால்தான் வகுப்புக்குள் விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். படிக்கக் காசு வேண்டும்; காசுக்கு வேலை வேண்டும்; வேலை கிடைத்த இடம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. நாள் முழுக்கப் பிஸ்கட்டைப் பெட்டியில் அடுக்குகிறாள். “பிஸ்கட்டுக்குச் சரித்திரம் சொல்லேலாது அண்ணை” என்று ஒரு தடவை சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எனக்குச் சிரிப்பு வராத நாட்கள் குறைவு என்பதை என்னைத் தெரிந்தவர்கள் அறிவார்கள்.

வெரிபீக்குப் பக்கத்தில், போன நூற்றாண்டில் ஒரு கம்பளி முதலாளி கட்டிய மாளிகை ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர் சிலர் சங்கம் அமைத்து, அதைத் துடைத்துத் துப்புரவாக்கி, வார இறுதிகளில் வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். சம்பளம் இல்லாத வேலை. தவம் போய், நானும் காட்டட்டுமா என்று கேட்டிருக்கிறாள். சங்கத்தின் தலைவி மிஸிஸ் ஹார்ட்லி நல்ல மனுசி; மனதில் இருப்பதை மறைக்காமல் சொல்லிவிட்டார். “சனம் விக்டோரியா மகாராணி காலத்து வீட்டைப் பார்க்க வருகிறது. அதை உன் வாயிலிருந்து கேட்க அவர்கள் விரும்புவார்களோ, எனக்குத் தெரியாது. ஒரு சுற்று நடத்து. நான் பின்னாலே வருகிறேன். பிறகு சொல்கிறேன்.”

அந்த ஒரு சுற்றுக்குத்தான் என் தலை போய்க்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மெல்பேர்ண் ஸ்பென்சர் வீதி நிலையத்தில் தவத்தின் கணவர் குணம் காத்து நின்றார். ஜூலை மாதக் குளிர். சிட்னியில் குளிர் தோளைத் தட்டி நலம் விசாரிக்கும். மெல்பேர்ணில் அது கோட்டுக்குள் புகுந்து குடியிருக்கும். வெரிபீ முப்பத்திரண்டு கிலோமீற்றர். வீதிப் பலகைகளில் மைல் போய்க் கிலோமீற்றர் வந்து அதிக காலம் இல்லை. குணம் பொறியியலாளர் ஆனபடியால் ஒவ்வொரு பலகையையும் எனக்காக மைலாக்கிச் சொல்லிக்கொண்டே காரை ஓட்டினார். வழி நெடுகத் தட்டையான நிலம், காற்று, ஊருக்குக் கிட்டப் போக, காலிபிளவர் என்று இங்கே சொல்லும் பூக்கோவாத் தோட்டங்கள்.

“தவம் எப்படி இருக்கிறாள் மச்சான்?”

“ரெண்டு கிழமையா எனக்குத்தான் சுற்றுக் காட்டுறாள். எங்கடை வீட்டுக் குசினியிலை நிண்டு, ‘கனவான்களே, சீமாட்டிகளே’ எண்டு துவங்குவாள். நான் கனவான். அரிசிச் சாக்குச் சீமாட்டி.”

வீட்டில் சாப்பிட்டு, தவத்தையும் ஏற்றிக்கொண்டு, இரண்டு மணிக்குக் கால் மணி இருக்க மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தோம். முதல் நாள் இரவு வேலைக்குப் போய் வந்த குணம், ‘எல்லாம் எனக்குப் பாடம்’ என்று சொல்லிக் காரிலேயே சாய்ந்துவிட்டார். அனுமதி பெரியவர்களுக்கு அறுபது சதம். “அண்ணை எண்டாலும் ரிக்கற் எடுக்கவேணும்” என்று தவம் என் கையைப் பிடித்து வரிசையில் விட்டாள்.

வீட்டைச் சொல்கிறேன். கருநீலக் கல்லில் இரண்டு மாடி; நடுவில் சதுரக் கோபுரம்; முன்னால் தூண் வைத்த விறாந்தை; அதற்கு முன்னால் வண்டிகள் வட்டமடித்துத் திரும்ப ஒரு சரளைக்கல் பாதை. ஆட்டின் முதுகில் வளர்ந்ததை வெட்டி விற்று இவ்வளவு கட்டலாம் என்று தெரிந்திருந்தால், நான் கணக்கியல் படித்திருக்கமாட்டேன்.

தவம் பச்சைச் சேலை உடுத்து, அதற்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு, அதில் சங்கத்தின் சின்னத்தைக் குத்தி வாசற்படியில் நின்றாள். கையில் ஒரு காகிதமும் இல்லை. அந்தச் சின்னத்தை அவள் மூன்றாம் தரமும் திருத்தியதை நான் மட்டும்தான் கவனித்திருப்பேன். வந்தவர்கள் பதினைந்து பேருக்குக் குறையாது. ஜீலோங் பக்கத்து விவசாயி ஒருவரும் மனைவியும், நகரத்து இளம் சோடிகள் சிலர், தனியாக வந்த ஐவி என்ற முதிய பெண், எல்லோருக்கும் பின்னால் ட்வீட் கோட் போட்ட மிஸிஸ் ஹார்ட்லி.

“உள்ளே வாருங்கள்” என்று ஆங்கிலத்தில் அழைத்துவிட்டு, தவம் முன்னால் நடந்து கூடத்துக்குள் போனாள். அவளுக்கு அடுத்ததாக நான். வாசலில் குனிந்தேன், நாடாவை அவிழ்த்தேன், இரண்டு சப்பாத்தையும் கழற்றிச் சுவரோரம் சோடியாக வைத்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு வீட்டுக்குள் போகிறேன். பிறந்த நாள் முதல் நான் எந்த வீட்டுக்குள்ளும் வேறு விதமாகப் போனதில்லை. தவத்தின் வீட்டில் அவசரத்தில் உடை மாற்றியதால் ஒரு காலுறை கறுப்பு, மற்றது நீலம் என்பது அப்போதுதான் தெரியவந்தது.

எனக்குப் பின்னால் வந்த விவசாயி என் சப்பாத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“கழற்றவேண்டுமா?”

“பின்னே?” என்றேன்.

அவர் மனைவியிடம் திரும்பி, “தரை பழையதல்லவா, பாதுகாக்கிறார்கள்” என்று விளக்கம் கொடுத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அதற்குப் பிறகு தடுக்க ஆளில்லை. அவுஸ்திரேலியர் வரிசைக்குக் கட்டுப்பட்டவர்கள். முன்னால் நிற்கிறவன் செய்வதைப் பின்னால் நிற்கிறவன் கேள்வி கேட்காமல் செய்வான். ஐவி அம்மாவும் தூணைப் பிடித்துக்கொண்டு கழற்றினார். தவம் கூடத்தின் நடுவில் நின்று திரும்பியபோது அவளுக்கு முன்னால் அத்தனை பேரும் காலுறையோடு நின்றார்கள். விவசாயியின் காலுறையில் ஓட்டை. பெருவிரல் வெளியே வந்து மாளிகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சப்பாத்தோடு நின்றவர் மிஸிஸ் ஹார்ட்லி ஒருவர்தான். அவருடைய புருவம் தொப்பிக்குள் போய்விட்டது.

தவம் சிரித்த முகம் மாறாமல் என்னிடம் தமிழில் கேட்டாள்: “அண்ணை, என்ன வேலை செய்துபோட்டியள்?”

“வீட்டுக்குள்ளை சப்பாத்தோடையோ வாறது?”

“இது சனம் பாக்க வாற இடம், அண்ணை!”

“நீதானே வீடு வீடு எண்டு சொன்னனீ.”

வாயை லிட்கமில் விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று அப்போது நினைத்தேன். கால்களையும்தான். எல்லோரையும் திரும்ப வாசலுக்கு அனுப்பிச் சப்பாத்தைப் போடச் சொன்னால், சுற்றுக்குக் கிடைத்த நேரத்தில் பாதி நாடா கட்டுவதிலேயே போகும். பெரியவர்கள் வெட்கப்படுவார்கள். பின்னால் நிற்கிறவர் தன் தீர்ப்பை அங்கேயே எழுதிவிடுவார். தவத்தின் முகத்தில் இந்தக் கணக்கு முழுவதும் ஓடியது.

பிறகு அவள் குனிந்தாள். தன் சப்பாத்தைக் கழற்றினாள். நிமிர்ந்து ஆங்கிலத்தில் சொன்னாள்:

“நல்லது. இன்றைக்கு இந்த வீட்டைக் காலால் பார்ப்போம்.”

நான் இதுவரை நாலு நாட்டில் சுற்றுக் காட்டுகிறவர்களுக்குப் பின்னால் நடந்திருக்கிறேன். எல்லோரும் மேலே பார்க்கச் சொல்வார்கள்: கூரையைப் பார், விளக்கைப் பார், படத்தைப் பார். என் தங்கை கீழே பார்க்கச் சொன்னாள். கூடத்தில் பதித்த நிற ஓடுகள் இங்கிலாந்தில் சுட்டவை, வைக்கோலில் பொதிந்து கப்பலில் மாதக்கணக்காக வந்தவை என்றாள். “குளிர்கிறதா? விருந்தாளி யாராய் இருந்தாலும் இங்கே நின்றுதான் காத்திருக்கவேண்டும். காத்திருக்கும் இடத்தை யாரும் சூடாக்குவதில்லை.” விவசாயி பெருவிரலை மடக்கிக்கொண்டு பெரிதாகத் தலையாட்டினார். வரவேற்பறையில் கம்பளத்தின் ஓரத்தில் எங்களை நடக்கவிட்டாள். “ஆகா, என் பாதம் பணக்காரனாகிவிட்டது” என்றார் அதே மனிதர். மேல் மாடிக்குத் தேவதாரு மரப் படி. நடுவில் கம்பளம் ஓடுகிறது. அத்தனை பேர் ஏறியும் ஒரு சத்தமில்லை. “இந்த வீட்டார் நடந்தால் யாருக்கும் கேட்காது” என்றாள் தவம். “இப்போது மற்றவர்களின் வழியால் இறங்குவோம்.”

மேல் மாடி நடைவழியின் கடைசியில் பச்சைத் துணி ஒட்டிய ஒரு கதவு. வேலைக்காரர் பக்கத்துச் சத்தமும் சமையல் மணமும் இந்தப் பக்கம் வராதிருக்க அந்தத் துணி. அதைத் தள்ளினாள். கம்பளம் அந்த அங்குலத்தோடு முடிந்தது. அப்பால் வெறும் பலகை, ஒடுங்கிய படிகள். கண்ணால் பார்த்திருந்தால் பழைய படி என்று சொல்லி இறங்கியிருப்பேன். காலுக்குத் தெரிந்தது வேறு: ஒவ்வொரு படியின் நடுவிலும் ஒரு பள்ளம், ஒரு கால் அளவில். என் கால் அதற்குள் சரியாகப் போய் உட்கார்ந்தது.

“இந்தப் பள்ளத்தை விருந்தாளிகள் உண்டாக்கவில்லை” என்றாள் தவம். அத்தனை பேரும் அந்தப் பள்ளத்தில் கால் வைத்து வைத்து இறங்கினார்கள்.

கீழே குசினி. பெரிய கல் பாவிய தரை. குளிர் காலுறையை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. சுவரில் வரிசையாக மணிகள். எந்த அறையில் கயிற்றை இழுக்கிறார்களோ அந்த மணி அடிக்கும். தவம் மணிகளைப் பற்றித் தொடங்கியபோது, ஐவி அம்மா அடுப்புக்கு முன்னால் அசையாமல் நின்றார்.

“என் அம்மா இப்படி ஒரு தரையில்தான் வேலை செய்தார்” என்றார். “பலராட் பக்கம். சின்ன வயதிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.”

தவம் மணிகளை அப்படியே விட்டாள். “இந்தக் குளிருக்கு அம்மா என்ன செய்வார்?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு இரண்டு அடி ஒதுங்கி, தான் நின்ற இடத்தை ஐவிக்குக் கொடுத்தாள். வகுப்பில் ஒரு பிள்ளையை முன்னுக்கு அழைக்கும்போது ஆசிரியை ஒதுங்குவாளே, அந்த மாதிரி.

ஐவி சொன்னார். அம்மா பழைய பத்திரிகையை மடித்துச் சப்பாத்துக்குள் வைப்பாராம். வீட்டுக்காரர் வாசித்து முடித்த பத்திரிகை. “நான் வாசிக்கப் பழகாவிட்டால் என்ன, எல்லாச் செய்தியிலும் நடந்திருக்கிறேன் என்பார்.” எல்லோரும் சிரித்தார்கள், ஐவியும் சிரித்தார். பிறகு கைக்குட்டையை எடுத்தார். “அந்தக் குளிரை அம்மா எவ்வளவோ தரம் சொல்லியிருக்கிறார். கிழவி கூட்டிச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன்.”

நான் திரும்பி மிஸிஸ் ஹார்ட்லியைத் தேடினேன். அவர் கதவருகே நின்றார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, வலது காலைச் சப்பாத்திலிருந்து உருவி, விரல் நுனியைக் கல்லில் வைத்தார். உடனே எடுத்துவிட்டார். சற்றுப் பொறுத்துப் பாதம் முழுவதையும் வைத்தார்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் எனக்கு மரியாதை. ஆனால் சுற்றின் அடுத்த பகுதி தோட்டம். தோட்டத்துக்குப் போகிற வழி குசினியின் பின்கதவு. தவம் அதைத் திறந்தாள். வெளியே மழையில் நனைந்த சரளைக்கல் முற்றம். சப்பாத்துகள் எல்லாம் வீட்டின் மறுபக்கம், முன் விறாந்தையில். மறுபடி உள்ளால் போகலாம் என்றால், அடுத்த சுற்றுக்காரர் கூடத்தை நிறைத்துவிட்டார்கள். அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பின.

“அண்ணை, ஓடுங்கோ” என்றாள் தவம்.

முற்றத்தில் தோட்டக்காரரின் தள்ளுவண்டி ஒன்று நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு சரளைக்கல்லில் காலுறையோடு வீட்டைச் சுற்றி ஓடினேன். ஒவ்வொரு கல்லும் தன்னைத் தனித்தனியாக அறிமுகம் செய்தது. விறாந்தையில் சப்பாத்துகளை அள்ளி வண்டியில் போடும்போது காரிலிருந்து குணம் எழும்பி வந்தார்.

“என்ன மச்சான், சப்பாத்துக் கடை போடப்போறியோ?”

“வாயை மூடிக்கொண்டு அந்தக் குதி உயர்ந்த சப்பாத்தை எடு.”

நாங்கள் இரண்டு பேரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் வந்தபோது கைதட்டினார்கள். ஒரு கணக்காளனுக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் கைதட்டல். எல்லாவற்றையும் முற்றத்தோரம் இருந்த சலவை அறைத் திண்ணையில் கொட்டினேன். நகரத்துப் பெண் விவசாயியின் சப்பாத்தைத் தூக்கி “இந்தப் படகு யாருடையது?” என்று கேட்டாள். விவசாயி ஐவிக்கு நாடா கட்டிவிட்டார். ஒரு மணி நேரத்துக்கு முன் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லாமல் வரிசையில் நின்ற சனம், கலியாண வீட்டுச் சனம் மாதிரிக் கதைக்கத் தொடங்கிவிட்டது.

தோட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் பாதங்களால் விரிவாகச் சொல்ல முடியாது. கண்ணாடி வீடு, குதிரை லாயம், வானத்தைத் தொடும் ஊசியிலை மரங்கள். புல்வெளியின் முடிவில் வேலியே இல்லாத மாதிரித் தெரியும். கிட்டப் போனால் பள்ளத்துக்குள் ஒரு மதில். ஆடு வரக்கூடாது, ஆனால் முதலாளியின் நிலம் முடிவதும் கண்ணுக்குத் தெரியக்கூடாது. கடைசியாக ஆற்றங்கரை. அங்கே தவம், “இந்த வீடு வருவதற்கு மிகவும் முன்பே இந்த ஆற்றோரம் ஒரு பழங்குடிச் சனம் வாழ்ந்தது. அவர்களுடைய தரை இதுதான்” என்றாள். சங்கம் கொடுத்த பாடத்தில் அந்த வரி இல்லை என்று குணம் என் காதில் சொன்னார்.

நாலு மணிக்கு முன்வாசலில் எல்லோரும் விடைபெற்றார்கள். விவசாயி தவத்தின் கையைக் குலுக்கினார். பிறகு ஏனோ என் கையையும் குலுக்கினார். ஐவி கடைசியாக வந்தார்.

“என் தங்கையைக் கூட்டிக்கொண்டு திரும்ப வரவேண்டும். நீ எந்த நாளில் இருப்பாய் மகளே?”

தவம் மிஸிஸ் ஹார்ட்லியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். குணமும் பார்த்தார். அந்த மனுசி கைப்பையைத் திறந்தார், எதையோ தேடினார், மூடினார். பிறகு, எப்போதோ முடிவான விஷயத்தைச் சொல்வது மாதிரிச் சொன்னார்:

“ஞாயிற்றுக்கிழமை. இரண்டு மணிக்கு.”

ஐவி போனபின் தவத்திடம் திரும்பினார். “மணிகளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டாய். அடுத்த முறை சொல்லவேண்டும். உன் அண்ணன் சிட்னியில்தானே இருக்கிறார்?”

“ஓம்” என்றாள் தவம், பதற்றத்தில் தமிழிலேயே.

“நல்லது” என்றார் மிஸிஸ் ஹார்ட்லி.

காரில் தவம் குணத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். பூக்கோவாத் தோட்டம் தாண்டியபிறகு, “நாளைக்குக் காலமை ஆறு மணிக்குப் பிஸ்கட்” என்றாள். சொல்லிவிட்டு, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். குணம் கிலோமீற்றரை மைலாக்குவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு ஓட்டியதில், இரண்டு தரம் பாதையோரப் புல்லில் ஏறி இறங்கினோம்.

திங்கள் மாலை திரும்பவும் ரயில். பாதம் இரண்டிலும் காயத்துக்குப் பிளாஸ்ரர்; சப்பாத்தைக் கழற்றி வைத்திருந்தேன். யன்னலோரம் இருந்து யோசித்தேன். இதே காலத்தில், இதே மாதிரித் தூண் வைத்து, எங்கள் ஊரிலும் வெள்ளைக்காரர் கட்டிய கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றின் விறாந்தைகளில் எங்கள் ஆட்கள் மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே கூப்பிடுவார்களா என்று நின்றார்கள். அவர்களின் பேத்தி ஒருத்தி, பச்சைச் சேலையோடு, அப்படி ஒரு வாசற்படியின் மேல் நின்று, வந்த வெள்ளைக்காரரை “உள்ளே வாருங்கள்” என்று கூப்பிட்டாள். அவர்களும் வந்தார்கள். இதை எழுதும்போது என் சட்டைப் பொத்தான்கள் தெறிக்காமல் இருப்பது தையற்காரனின் திறமை.

இந்த முறை சம்பல் கொண்டுவரவில்லை என்பதால் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போகவில்லை. வயதான, பேச்சுப் பிரியரான மனிதர். மெல்பேர்ணில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்.

“ஒரு பெரிய வீடு பார்த்தேன். கோபுரம் வைத்த வீடு. என் தங்கைதான் சுற்றிக் காட்டினாள்.”

அவர் என் பிளாஸ்ரர் போட்ட கால்களைப் பார்த்தார், என் பழைய கோட்டைப் பார்த்தார், பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

“உங்கள் தங்கையின் வீடா?”

“ஓம்” என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனாலும் நான் கணக்காளன். கணக்கில் பொய் எழுதுவதில்லை.

“ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்” என்றேன். “இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை.”